ரிச்சர்டின் குன்று

அன்புள்ள கவின்,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. செய்ன் ஆறு வளைகிற இடத்தில், சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் இடிந்து நிற்பது ஷாத்தோ கயார் கோட்டை. ரூவானில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

அதைக் கட்டியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட். அப்போது நார்மண்டியும் அவர் ஆட்சியில்தான் இருந்தது. பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் ஆற்றோரமாக ரூவானுக்கு வந்துவிடாமல் தடுக்க இந்தக் குன்று தேவைப்பட்டது. நிலம் ரூவான் பேராயருடையது. அவர் எதிர்த்தும் ரிச்சர்ட் கேட்கவில்லை. 1196இல் தொடங்கிய வேலை 1198இல் முடிந்துவிட்டது. அந்தக் காலத்துக்கு அசுர வேகம். உள்கோட்டைச் சுவரின் வெளிப்புறம் வரிசையாக அரைவட்டங்களாகப் புடைத்திருக்கும். அதை நின்று பார். 1199இல் ரிச்சர்ட் இறந்தார், தம்பி ஜான் பட்டத்துக்கு வந்தார்.

1203இல் பிலிப் முற்றுகையிட்டார். அடிவாரத்து ஊர்மக்கள் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். தானியம் கரையத் தொடங்கியதும், கோட்டைத் தளபதி ரோஜர் டி லாசி போருக்கு உதவாதவர்களை வெளியே அனுப்பினார். முதலில் போனவர்களுக்குப் பிரெஞ்சுப் படை வழிவிட்டது. அதன்பின் யாரையும் விடக்கூடாதென்று பிலிப் உத்தரவிட்டார். கடைசியாக வந்தவர்கள்மேல் அம்பு பாய்ந்தது. திரும்பி ஓடினால் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள் எனப் பலரும் குளிர்காலத்தில் இரு படைகளுக்கும் நடுவே சரிவிலே பட்டினி கிடந்து செத்தார்கள். பிலிப் மனமிரங்கிச் சோறு போடச் சொன்னபோது உயிரோடிருந்தவர்கள் கொஞ்சம்பேர். இதை எழுதிவைத்தவர் பிலிப்பின் ஆளான பாதிரியார் கியோம். ஆகவே பிலிப்பின் எதிரி கட்டிய கதை என்று தள்ளிவிட முடியாது. ரிச்சர்டின் வீரத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோட்டையின் வரலாறு இந்தச் சனங்கள்தான்.

கடைசியில் சுவரின் அடியைத் தோண்டித்தான் பிலிப்பின் ஆட்கள் உள்ளே போனார்கள். 1204 மார்ச் 6 அன்று கோட்டை விழுந்தது. ஜூனில் ரூவானும் பணிந்தது. நார்மண்டி ஜானின் கைவிட்டுப் போயிற்று.

இன்று காணும் இடிபாடு அந்த முற்றுகையால் வந்ததன்று. கலகக்காரர்கள் பதுங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில், நான்காம் ஹென்றி காலத்தில், 1599இல், கோட்டையை இடிக்க முடிவாயிற்று. பக்கத்து மடத்துத் துறவிகள் தங்கள் கட்டடங்களுக்காக இங்கிருந்து கல் எடுத்துப் போனார்கள்.

மேலே ஏறும்முன் அந்தச் சரிவில் கொஞ்சநேரம் நில். மழைநாளில் சுண்ணாம்புப் பாறை வழுக்கும், நல்ல காலணி போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
சித்தப்பா