எடைக்குப் போட முடியாத செம்பு

பென்னி எனப்படும் அமெரிக்க ஒரு சென்ட் காசை ஆண்டு பார்க்காமல் செலவழிக்கிறவன் ஊதாரி என்று நம்பும் கூட்டம் ஒன்று இந்த நாட்டில் உண்டு. நியூஜெர்சியில் குடியேறிய பிறகு நானும் அதில் சேர்ந்துவிட்டேன். கணக்கு சிக்கலானதல்ல. 1982-க்கு முந்தைய பழைய பென்னியில் 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். பிறகு வந்ததில் 97.5 சதவீதம் துத்தநாகம், செம்பு வெறும் மேல்பூச்சு, எடை 2.5 கிராம். செம்பு பவுண்டு நாலரை டாலர் என்று வைத்துக்கொண்டால், பழைய காசுக்குள் ஏறத்தாழ 2.9 சென்ட் பெறுமான உலோகம் இருக்கிறது. ஒரு சென்ட் கொடுத்து மூன்று சென்ட் சரக்கு! மார்வாடி கடையில்கூட இந்த லாபம் கிடைக்காது.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவர் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர், பக்கத்துத் தெருக்காரர். வேலை செய்த காலமெல்லாம் துண்டு வயரைச் சேர்த்து வைத்து உரித்து விற்ற மனிதர். செம்பு விலை அவருக்கு விரல்நுனியில் நிற்கும். நானும் பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய வீட்டில் வளர்ந்தவன். அண்டா அடிபட்டு நசுங்கினாலும் அதன் எடை எங்கும் போகாது என்பது எங்கள் வீட்டுப் பொருளாதாரம். ஆகவே அவர் பேசியது எனக்கு உடனே பிடிபட்டது.

வங்கியில் பென்னிப் பெட்டி கேட்டால் 25 டாலருக்குத் தருவார்கள். உள்ளே ஐம்பது காகிதச் சுருள்கள், சுருளுக்கு ஐம்பது காசு, மொத்தம் 2,500. சுருளை மேஜை விளிம்பில் தட்டிப் பிரித்துக் கொட்ட வேண்டும். முதலில் கண்தான் வேலை செய்யும். லிங்கன் தலைக்கு வலப்பக்கம் பொடியாக ஆண்டு இருக்கும். கொஞ்ச நாளில் கண் ஒதுங்கிக்கொள்ள, காது முன்னால் வந்துவிடும். செம்புக் காசை மேஜையில் போட்டால் ணங் என்று நீட்டி ஒலிக்கும். துத்தநாகம் டொக் என்று செத்துவிழும். தகராறு 1982-ல் மட்டும்தான். அந்த ஓராண்டில் இரண்டு வகையும் அச்சானதால் தராசில் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். தராசு 3.1 காட்டினால் ஜாடிக்கு, 2.5 காட்டினால் திரும்ப வங்கிக்கு. பெட்டி முடிவதற்குள் விரல்கள் கறுத்து, கையில் ஒரு உலோக வாடை ஏறும். சோப்பு போட்டாலும் சாப்பாட்டு வேளை வரை அது போகாது.

இடையில் சில விருந்தாளிகள் வருவார்கள். பின்பக்கம் கோதுமைக் கதிர் போட்ட காசுகள் 1909 முதல் 1958 வரையிலானவை. 1943-ல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் துத்தநாகம் பூசிய எஃகில் பென்னி அடித்தார்கள்; அது காந்தத்தில் ஒட்டும். இவற்றைவிட என்னைக் கவர்பவை நோய்ப்பட்ட புதுக் காசுகள். மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்து ஈரம் புகுந்துவிட்டால் துத்தநாகம் உள்ளிருந்து அரித்து, கொப்புளம் கட்டி, ஓரம் உதிர்ந்துவிடும். எழுபது வயதுச் செம்பு திடமாக இருக்க, இருபது வயதுக் காசு சொத்தைப்பல் மாதிரி கிடக்கும்.

என் அனுபவத்தில் ஒரு பெட்டியில் ஐந்தில் ஒன்று செம்பு தேறும். ஐந்நூறு காசு, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். முகமதிப்பு ஐந்து டாலர், உலோக மதிப்பு பதினாலரை. ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்து, காகிதத்தில் மட்டும் ஒன்பதரை டாலர் லாபம். இந்த மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலியே மணிக்குப் பதினைந்து டாலருக்கு மேல். "ஏங்க, இதுக்கு ஒரு மணி நேரம் ஓவர்டைம் பாத்திருக்கலாம்ல?" என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

காகிதத்தில் மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் சட்டம். செம்பு விலை ஏறியபோது, 2006 டிசம்பரில், பென்னியையும் ஐந்து சென்ட் காசையும் உருக்கக்கூடாது, மொத்தமாக வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று அமெரிக்க நாணயச்சாலை தடை போட்டது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. ஆக இந்தச் செம்பைக் காயலாங்கடைக்குக் கொண்டுபோக வழியில்லை. அப்படியானால் யார் வாங்குகிறார்கள்? நம்மைப் போன்ற இன்னொரு சேகரிப்பாளர்தான். முகமதிப்புக்கு மேல், உலோக மதிப்புக்குக் கீழ் ஒரு விலைக்கு மூட்டை கை மாறும். வாங்கியவர் தன் நிலவறையில் அடுக்குவார். ஒரு கிராம்கூட உலைக்குப் போகாமலே இத்தனை வியாபாரம்.

எல்லோரும் காத்திருப்பது தடை நீங்கும் நாளுக்கு. அதற்கு ஒரு முன்னுதாரணமும் வைத்திருக்கிறார்கள். 1964 வரை பத்து சென்ட், கால் டாலர் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. மறு ஆண்டு முதல் அவற்றில் வெள்ளியை எடுத்துவிட, பழையவை புழக்கத்திலிருந்து மாயமாயின. 1967-ல் உருக்கத் தடை வந்தது, 1969-ல் அது நீங்கியது. அதுவரை பொறுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். செம்புக்கும் அதே நடக்கும் என்று எலெக்ட்ரீஷியன் அடித்துச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெள்ளி ஒரு சுருக்குப்பையில் அடங்கும். செம்பில் நூறு டாலர் முகமதிப்பு என்றாலே 31 கிலோ. தடை நீங்கினாலும் லாரி வாடகையும் உருக்குக் கூலியும் பாதியைத் தின்றுவிடும்.

ஒரு பென்னி அடிக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானது. துத்தநாகக் காசுக்கே இந்தக் கதி. கடைசியில் 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்து முடித்தார்கள். காசு இன்னும் செல்லும். உருக்குவதற்கான தடையும் தானாக விலகிவிடவில்லை. ஆனால் வங்கிகளில் பென்னித் தட்டுப்பாடு வந்துவிட்டது, பெட்டி கேட்டால் கவுன்ட்டரில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். துத்தநாகத்தைத் திருப்பிக் கொடுக்கப்போனால் இப்போது வரவேற்பு.

எலெக்ட்ரீஷியனுக்கு இதில் கொண்டாட்டம். வரத்து நின்றால் விலை ஏறும் என்கிறார். எனக்கென்னவோ நஷ்டம்தான். பிரிக்கப் புதுப் பெட்டி இல்லாத மாலைகளில், பிரித்து முடித்த ஜாடியையே கொட்டி 1982-களை மறுபடி நிறுக்கிறேன். அடுத்த கோடையில் ஊருக்குப் போகிறோம். பயணி ஒருவர் ஐந்து டாலர் வரை பென்னியாகக் கொண்டுபோக விதியில் இடமுண்டு. ஐந்நூறு செம்புக் காசு, ஒன்றரைக் கிலோ. பயணப் பெட்டியில் அந்த ஒன்றரைக் கிலோவை மனைவி தன் தங்கை பிள்ளைகளுக்கான சாக்லேட்டுக்கு ஒதுக்கிவிட்டாள்.