மேலேறும் வலி

"கரண்டு வைக்கலையா தம்பி?"

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இந்தச் சின்ன பிசியோதெரபி அறையைத் திறந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. முதல்முறை வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கருவி மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. இடுப்பில் நான்கு பட்டைகளை ஒட்டி இருபது நிமிடம் சுருசுருவென்று விட்டால் வந்தவருக்கும் திருப்தி, காசு வாங்குகிறவனுக்கும் திருப்தி. ஆனால் காலுக்குள் இறங்கிவிட்ட நரம்பு வலியை அது திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் சயாட்டிகா என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நரம்பு சுண்டி இழுக்குது", "பிட்டத்துல ஆரம்பிச்சு குதிகால் வரைக்கும் வெட்டுது", "காலு மதமதன்னு கிடக்கு". ஸ்கேன் எடுத்துவிட்டவர்கள் மட்டும் "டிஸ்க் விலகிருச்சு" என்பார்கள். விலகுவதற்கு அது செங்கல் இல்லை. இரண்டு முள்ளெலும்புகளோடும் இறுக ஒட்டிய நார் வளையம் அது. உள்ளே நுங்கு மாதிரி கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பின்பக்கம் பிதுங்கி நரம்பின் வேரை நெருக்கும். நெருக்குவது பாதி, அங்கே கிளம்பும் அழற்சி பாதி. அப்படிப்பட்ட ஐந்து வேர்கள் சேர்ந்துதான் உடம்பிலேயே பருமனான சயாட்டிக் நரம்பாகக் காலுக்கு இறங்குகின்றன. டிஸ்க்குக்கும் கால் வலிக்கும் உள்ள இந்த உறவை 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தெளிவாக எழுதினார்கள். ஆயுர்வேதம் இந்த வலிக்கு வைத்த பெயர் கிருத்ரசி. கிருத்ரம் என்றால் பிணந்தின்னிக் கழுகு. தரையில் அது காலை இழுத்து நடப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

போன வருடம் ஒரு டிப்பர் லாரி ஓட்டுநர் வந்தார். கல்குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே நாள் முழுக்கக் குலுங்கும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர். மூன்று வாரமாக இடது கால். வருவதற்கு முன்பே, காலால் பிறந்த ஒருவரை விட்டு இடுப்பை மிதிக்கவும் செய்திருந்தார். சுளுக்கு அதில் போகுமோ என்னவோ, வேர் நெருக்கப்பட்ட நரம்புக்கு அது வேண்டாத வேலை. குதிகாலால் நடக்கச் சொன்னேன், நடந்தார். முன்னங்காலால் எம்பி நடக்கச் சொன்னபோது இடது குதிகால் கொஞ்சம் தொய்ந்தது. சுண்டுவிரல் ஓரம் தொட்டால் மந்தம். முதல் திருவெலும்பு வேர். ஸ்கேன் உறையைப் பிரிக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

"குப்புறப் படுங்கண்ணே. வலி எங்க வரைக்கும் போகுது?"

"பாதத்து ஓரம் வரைக்கும் சார்."

முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம். "இப்ப பாதத்துல இல்ல, கெண்டைக்கால்ல நிக்குது." அடுத்து உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு, மேலுடம்பை மட்டும் எழுப்பி இறக்கச் சொன்னேன். பத்து தடவை. நிறுத்தி, மறுபடியும் அதே கேள்வி. மூன்றாவது சுற்றில் அவர் முகம் மாறிவிட்டது. "கால்ல ஒண்ணுமில்ல சார். ஆனா இடுப்பு முன்னைவிட வலிக்குதே!"

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வாக்கியம் இதுதான். வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், பிட்டத்துக்கும் ஏறி, நடு இடுப்பில் வந்து நின்றால் நல்ல சகுனம். இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் சரி. இடுப்பு லேசாகி வலி காலில் இறங்கினால் நான் செய்வது தப்பு. உடனே நிறுத்த வேண்டும். வலியின் அளவைப் பார்க்காதீர்கள், அது எந்த ஊரில் நிற்கிறது என்று பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் வலியோடு வந்த ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனை தூக்கி வைக்கப்பட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்த மனிதர் முதுகு பின்னால் வளைந்தபடியே கிடந்தார். சில நிமிடம் கழித்து வந்து பார்த்த மெக்கென்சிக்குத் திக்கென்றது. அந்த நாளில் அப்படி வளைப்பது ஆகாத காரியம். நோயாளியோ, மூன்று வாரத்தில் இப்போதுதான் நன்றாக இருக்கிறது, காலில் வலி இல்லை என்றாராம். ஒரு கட்டிலைச் சரிசெய்ய மறந்ததில் பிறந்த முறை இன்று உலகமெங்கும் நடக்கிறது.

லாரிக்காரருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து தடவை. வண்டியில் இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. கேபினிலிருந்து குதிக்கக் கூடாது, படியில் கால் வைத்து இறங்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நரம்புப் பயிற்சி: முழங்காலை நீட்டும்போது தலையை நிமிர்த்த வேண்டும், மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். கிணற்று உருளையில் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கயிறு விட்டுக்கொடுக்கிற மாதிரி. நரம்பு வழுக்கி ஓட வேண்டும், விறைக்கக் கூடாது. ஆறாவது வாரம் வண்டி எடுத்தார். குதிகால் பலம் முழுதாய்த் திரும்ப இன்னும் இரண்டு மாதம் ஆனது.

இதே பயிற்சித் தாளை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அப்பத்தா சாட்சி. அறுபத்தைந்து வயது இருக்கும். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற்றியது. அதில் கற்றுக்கொண்டவர். கோகர்ணேசுவரர் கோயில் வாசலிலிருந்து கடைத்தெருவுக்கு நடப்பதற்குள் இரண்டு காலும் கனத்து, நாலு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். வேறு யாரோ கற்றுக்கொடுத்த பின்வளையும் பயிற்சியை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்து, வலியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சைக்கிள்ல போனா வலிக்குமா அப்பத்தா?"

"அதுல போனா ஒண்ணுமே இல்லப்பா. மகன்தான் இடுப்பு வலியோட சைக்கிளான்னு பூட்டி வச்சிட்டான்."

பதில் அதிலேயே இருந்தது. வயதில் தண்டுவடக் குழாய் குறுகிப் போனவர்களுக்கு நிமிர்ந்து நடந்தால் அது இன்னும் நெருங்கும், குனிந்தால் விரியும். ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து மிதிப்பது அவர் தானாகவே கண்டுபிடித்த வைத்தியம். இரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அந்த அடைப்பு உள்ளவர்களுக்குச் சைக்கிளிலும் வலிக்கும், சும்மா நின்றாலே தணியும். பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தேன், நன்றாக ஓடியது. முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சியும், வலி தொடங்கும் முன்பே உட்கார்ந்துவிடும் பழக்கமும் சொன்னேன். மகனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொன்னேன்.

அந்த மகனைக் குறை சொல்லி என்ன, நானும் ஒரு காலத்தில் ஆட்களைப் படுக்கப் போட்டவன்தான். படிப்பு முடித்த புதிதில் ஒரு மருத்துவமனையில், ஒரு பள்ளி ஆசிரியரை இடுப்பில் பெல்ட் கட்டி, எடை தொங்கவிட்டு, இரண்டு வாரம் கட்டிலில் வைத்திருந்தேன். அப்படித்தான் வழக்கம். எழுந்தபோது வலி அப்படியே இருந்தது, தொடை மட்டும் இளைத்திருந்தது. அதற்கு முன்பே, 1999இல், நெதர்லாந்து ஆய்வொன்று இரண்டு வாரப் படுக்கை ஓய்வால் கூடுதல் பலன் இல்லை என்று சொல்லியிருந்தது. நான் படித்தது பிறகுதான்.

மாத்திரையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது மருத்துவர் வேலை. ஆனாலும் நரம்பு வலி என்றதும் எழுதப்படும் பிரிகாபாலினை 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்தபோது, வெறும் மாத்திரையைவிட வலி குறையவில்லை, தலைச்சுற்றல்தான் அதிகம் என்று தெரிந்தது. சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் தூக்கம் தரும். அந்த இடைவெளியில் நடக்கத் தொடங்கினால் லாபம்.

ஸ்கேன் அறிக்கையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ஒரு வலியும் இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு டிஸ்க் புடைத்திருக்கும். பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்த கூழைத்தான் உடம்பு அதிகமாகக் கரைக்கிறது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்லை. 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கடுமையான கால் வலியோடு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்த 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரம் ஆபரேஷன், மறுபாதிக்குக் காத்திருப்பு. ஆபரேஷன் ஆனவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் காத்திருந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேர் கடைசியில் கத்திக்குப் போனார்கள். அந்த 39ஐ மறைத்துவிட்டு என் தொழிலை விற்கக் கூடாது.

சில சமயம் காத்திருக்கவே கூடாது. நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுந்தால், கால் கழுவும்போது கை படுவது அந்த இடத்தில் உறைக்காவிட்டால், முட்டிக்கொண்டு இருந்தும் சிறுநீர் இறங்காவிட்டால், என்னிடம் வர வேண்டாம். ராத்திரி என்று பார்க்காமல் 108ஐக் கூப்பிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எனக்கு மறுநாள் ஒரு போன் போட்டால் போதும்.