கித்துல்கல ஆற்றங்கரையில் ஒரு நாள்

கிளிநொச்சியிலுள்ள எங்கள் மாதர் சங்கத்திலிருந்து 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இருபத்துமூன்று பேர் ஒரு பஸ் பிடித்துச் சப்ரகமுவ மாகாணத்துக்குப் போய் வந்தோம். பயணத்துக்கு வைத்த பெயர் 'அனுபவப் பகிர்வு'. அங்குள்ள தோட்டப் பெண்கள் எப்படிச் சங்கம் நடத்துகிறார்கள், எப்படிச் சேமிக்கிறார்கள் என்று கேட்டறிவது நோக்கம். உண்மையைச் சொன்னால், மலையையும் ஆற்றையும் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் எங்களில் பாதிப் பேர் பெயர் கொடுத்தார்கள். கணவனை இழந்த பிறகு, அல்லது கணவனைத் தேடி அலையத் தொடங்கிய பிறகு, சந்தோசத்துக்கென்று வீட்டைவிட்டு வெளிக்கிட்டவர்கள் எங்களுக்குள் மிகக் குறைவு.

நான் பெயர் கொடுத்ததற்கு வேறு காரணம் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் 'கித்துல்கல' என்று ஓரிடத்தின் பெயரைக் கண்டேன். என் அம்மா பிறந்த ஊர் அது. நானும் அங்கேதான் பிறந்தேன். சங்கத்தில் இது ஒருவருக்கும் தெரியாது.

1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எனக்கு ஆறு வயது. தேர்தல் முடிந்து சில வாரங்களில் தமிழர்களை அடிக்கத் தொடங்கினார்கள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலும் அந்தக் கலவரம் பரவியது. லயத்தை விட்டு இறப்பர் காட்டுக்குள் ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா ஒரு கையால் தம்பியின் வாயைப் பொத்தியிருந்தார். மற்றக் கை என் தலையை அழுத்திக்கொண்டிருந்தது. ஈரச் சருகின் மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பிறகு ஒரு பாடசாலை மண்டபம், ஒரு லொறி, வவுனியா. எங்களைப் போல வந்தவர்களைக் காந்தியம் அமைப்பினர் அந்தக் காலத்தில் வவுனியாப் பக்கத்தில் குடியேற்றினார்கள். நாங்கள் அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போய், வட்டக்கச்சிப் பக்கமாக ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம்.

வன்னியில் எங்களுக்குச் சோறு கிடைத்தது. வேலையும் கிடைத்தது. களை பிடுங்கவும், மிளகாய் பழம் ஆயவும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'தோட்டக்காட்டாள்' என்பார்கள். நான் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். அதனால் பேச்சை மாற்றிக்கொண்டேன். 'ஆமா' என்பதை 'ஓம்' ஆக்கினேன். 'புள்ள' என்பதைப் 'பிள்ளை' ஆக்கினேன். பத்து வயதுக்குள் என் பேச்சை வைத்து என்னைக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. கலியாணம் பேசியபோதும் மாமியாருக்கு 'வவுனியா ஆக்கள்' என்றுதான் சொல்லப்பட்டது. கணவருக்கு உண்மை தெரியும். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெளியில் சொல்லவும் இல்லை. 2009 மார்ச்சில் மாத்தளனில் செல் விழுந்து அவர் போய்விட்டார். அதே வருடம் செட்டிகுளம் முகாமில் அம்மாவும் போய்விட்டார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்களில் அம்மாவின் குடும்பமும் ஒன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் அவர் இந்த நாட்டின் பிரஜையானார். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது.

சங்கத்தில் நான் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒருமுறை காணி அனுமதிப்பத்திரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி, "தோட்டக்காட்டுச் சனத்துக்கு ஏன் இந்தளவு காணி?" என்று கேட்டார். நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை. மறுத்தும் பேசவில்லை. அடுத்த விடயத்துக்கு இலக்கம் போட்டேன். அதே சகோதரிதான் முள்ளிவாய்க்காலில் என் மகளைத் தன் பங்கருக்குள் இழுத்து எடுத்தவர். அதனால் அவர்மேல் முழுதாகக் கோபப்படவும் எனக்கு வரவில்லை.

கேகாலை தாண்டி, புளத்கொஹுபிட்டியப் பக்கமாக பஸ் இறங்கியதும் இரு பக்கமும் இறப்பர் மரங்கள் வந்துவிட்டன. பட்டையைச் சாய்வாக வெட்டி, கீழே சிரட்டை கட்டியிருந்தார்கள். எங்கள் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "ஒரு மரத்தில எவ்வளவு பால் வரும்?" "மழை பெய்தா என்ன செய்வினம்?" எனக்கு மறுமொழி தெரியும். மழை பெய்தால் பால் தண்ணீரோடு கலந்துபோகும், வெட்ட முடியாது, அன்றைய சம்பளமும் அதோடு போய்விடும். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அம்மா பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு இருட்டில் போவார். இவற்றையெல்லாம் சொல்லாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யட்டியாந்தோட்டை வந்தது. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இங்கே முன்னொரு காலத்தில் சிறிய ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது யட்டியாந்தோட்டைக் கிளைப் பாதையின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். அதைத் தாண்டிப் போனால் கித்துல்கல. ஊர் என்று சொல்ல ஒரு வரிசைக் கடைகள்தான். கித்துல் பனங்கட்டியும் பாணியும் விற்கிறார்கள். அவிசாவளையிலிருந்து அட்டன் போகும் வீதி அதனூடாகப் போகிறது. வீதிக்குக் கீழே களனி கங்கை. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மேலே ஒன்றுசேர்ந்து, மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு இது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு இறப்பர் படகுகளில் கூச்சலிட்டபடி போனார்கள். குளங்களையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு இவ்வளவு சத்தம் போடும் தண்ணீர் புதிது.

தோட்டத்து மாதர் சங்கத் தலைவி எங்களை வீதியில் காத்திருந்து கூட்டிப் போனார். நாற்பது வயதிருக்கும். பால் வெட்டுகிறவர். நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபாய். தன் பிள்ளைகள் இருவருக்கும் சிங்களப் பெயர் வைத்திருப்பதாகவும், அவர்கள் சிங்களப் பாடசாலையில் படிப்பதாகவும் சொன்னார். "பேரக் கேட்டா யாருக்கும் தெரியாதில்ல, அதான்" என்றார். எங்கள் பெண்களில் ஓரிருவர் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை.

கித்துல்கலையை வெளிநாட்டவர் அறிந்தது ஒரு சினிமாப் படத்தால். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற அந்த ஆங்கிலப் படம் 1957இல் வெளிவந்தது. டேவிட் லீன் இயக்கினார். ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. கதை நடப்பது தாய்லாந்தில். பாலத்தைக் கட்டியது இங்கே. மரத்தால் பெரிய பாலம் ஒன்றைக் கட்டி, 1957 மார்ச்சில் உண்மையான ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்துக்கு ஒற்றையடிப் பாதையால் இறங்க வேண்டும். பையன் ஒருவன் முன்னே போனான். கீழே கரையில் கொங்கிறீட் அத்திவாரத் துண்டுகள் கிடந்தன. அவ்வளவுதான். ஆனால் அந்தத் துண்டுகளைப் பார்க்க உலகத்தின் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஊரில் படப்பிடிப்புப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அம்மா அந்த வெடிச் சத்தத்தைக் கேட்டவர். அப்போது அவருக்குப் பத்து வயது. யானைகள் வந்து மரம் இழுத்ததையும், அன்றைக்கு லயத்துக் கோழிகளெல்லாம் காட்டுக்குள் ஓடியதையும் பலமுறை சொல்லியிருக்கிறார். "வெள்ளக்காரன் காசு செலவழிச்சு கட்டுன பாலத்த அவனே ஒடச்சான்" என்று முடிப்பார். அது அவருக்கு ஒரு பகிடிக் கதை.

எங்களோடு வந்த இளைப்பாறிய ஆசிரியை ஒருவர்தான் மற்றக் கதையைச் சொன்னார். கொங்கிறீட் துண்டொன்றில் இருந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னார். அந்தப் படத்தில் வரும் ரயில்பாதை உண்மையில் போடப்பட்டது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர். யப்பானியர்கள் 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். யுத்தக் கைதிகளாகப் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏறத்தாழ 60,000 பேரை அதில் வேலை வாங்கினார்கள். 12,000க்கு மேல் இறந்தார்கள். படம் அவர்களைப் பற்றியது. ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். அவர்களுக்குள் மலாயா இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். வாந்திபேதியாலும் பசியாலும் அடியாலும் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். சிப்பாய்களுக்குத் தாய்லாந்தில் காஞ்சனபுரியில் ஒழுங்கான மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். எங்கள் ஆட்கள் போட்ட இடத்திலேயே மண்ணாகிப் போனார்கள்.

"அப்ப அந்தத் தோட்டங்களில இருந்த பெண்சாதிமார்?" என்று ஒருவர் கேட்டார்.

"காத்துக்கொண்டு இருந்திருப்பினம்," என்றார் ஆசிரியை.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. எங்கள் பெண்களில் ஏழு பேருக்குக் கணவனோ பிள்ளையோ இருக்கிறார்களா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது.

பிறகு குளிக்க இறங்கினோம். தலைவி இடத்தைக் காட்டித் தந்தார். மேலே மின்சாரத்துக்கு அணை கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு சட்டென்று ஏறும், அதனால் கரையோடு நிற்க வேண்டும் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். நான் சேலையைச் செருகிக்கொண்டு கல்லில் கால் வைத்தேன்.

"பாத்து எறங்குங்கக்கா, பாசி வழுக்கும்," என்றார்.

"ஆமா புள்ள, எனக்குத் தெரியும். சின்னப் புள்ளையில இங்கனதான் குளிச்சேன்," என்றேன்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாற்பத்தாறு வருடம் நான் பேசாத பேச்சு. எங்கள் பெண்கள் சிரித்தார்கள். "இதென்ன புதுப் பாஷை, செயலாளர் நடிக்கிறா" என்றார் ஒருவர். நானும் சிரித்துச் சமாளித்திருக்கலாம். சமாளிக்க மனம் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே சொன்னேன். இங்கேதான் பிறந்தேன், அம்மா இந்த மலையில் பால் வெட்டியவர், 77இல் இங்கிருந்துதான் ஓடினோம், நான் தோட்டக்காட்டாள்தான் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. ஆற்றுச் சத்தத்தில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. முன்னால் நின்றவர்கள் திரும்பிச் சொன்னார்கள்.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?" என்று தலைவி அக்கா கேட்டார்.

"சொல்லியிருந்தா என்னைச் செயலாளராப் போட்டிருப்பியளோ?"

அவர் யோசித்தார். "போட்டிருக்க மாட்டம்," என்றார்.

அந்த மறுமொழி எனக்குப் பிடித்திருந்தது. காணிக் கதை பேசிய சகோதரி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. பஸ்ஸிலும் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தார்; வழமைபோல என் பக்கத்தில்தான் இருந்தார்.

பின்னேரம் தோட்டத்துக்குப் போனோம். எங்கள் லயம் இருந்த இடத்தில் புதிதாக இறப்பர் நட்டிருந்தார்கள். கல்படிகள் நாலைந்து மட்டும் மேலே ஏறி, ஒன்றுமில்லாத இடத்தில் நின்றன. தலைவியின் மாமியாருக்கு எண்பது வயதுக்கு மேல். அவரிடம் அம்மாவின் பெயரையும், தாத்தாவின் பெயரையும் சொன்னேன். கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "நெனவு வரலியே தாயி," என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை தூரம் வந்தேனோ என்று நெஞ்சு அடைத்தது. அவர் எழும்பிப் போய் வெறுந்தேத்தண்ணியும் கித்துல் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாலம் வெடிச்சப்ப எங்க மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு" என்று தன்பாட்டில் சொல்லிச் சிரித்தார்.

அன்றிரவு தங்கியிருந்த இடத்திலிருந்து மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் இப்போது முல்லைத்தீவில் ஆசிரியை. மற்றவர்களிடம் சொல்லியாயிற்று, இனி அவளிடம் மறைப்பது சரியில்லை என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "நாங்கள் கித்துல்கலைக்கு வந்திருக்கிறம்" என்றேன்.

"அம்மம்மாவின்ர ஊருக்கோ? பாலம் பாத்தனீங்களோ?" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. 2009இல் செல்லடிக்கும்போது பங்கருக்குள் அம்மம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோட்டம், ஆறு, வெள்ளைக்காரர் பாலம் எல்லாம் சொன்னாராம். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

"பிறகு ஏன் என்னட்ட ஒருநாளும் கேக்கேல்லை?"

"நீங்கள் விரும்பமாட்டீங்கள், அம்மாட்டக் கேக்காத எண்டு அம்மம்மாதான் சொன்னவ." கொஞ்சம் நிறுத்தி, "அம்மா, யானை வந்து மரம் இழுத்தது எண்டு சொன்னவ. அது உண்மையோ, இல்லாட்டி எனக்குப் பயம் தெளியச் சொன்ன கதையோ?" என்று கேட்டாள்.

"உண்மைதான் பிள்ளை," என்றேன். "நிறைய யானை வந்ததாம்."