காடி மினுக்கும் மெஷின் வாங்கப் போகிறீர்களா?

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மெஷினை வாங்கி, மறைந்த என் அண்ணனின் காடியைப் பாழாக்கியவன் நான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு யோசனை சொன்னால்தான் நீங்களும் நம்புவீர்கள், எனக்கும் மனசு ஆறும்.

அண்ணன் காஹாங் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்தவர். புரோட்டோன் சாகா 1985-இல் வெளிவந்ததல்லவா? அதன் பிறகு இரண்டு வருடம் கூட்டுப் பணம் கட்டி, சிவப்பில் ஒன்று வாங்கினார். அவர் போன பிறகு அண்ணி அதை மெர்சிங் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்தார். எங்கள் ஊர்க் கடற்காற்றை உங்களுக்குத் தெரியும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தியோமானுக்குப் போகும் படகுகளே பல நாள் கரையில் கட்டிக் கிடக்கும். உப்பும் மணலும் படிந்து, வெயிலும் காய்ந்து, பானெட் சுண்ணாம்பு பூத்த சுவர் போல வெளுத்துவிட்டது.

"தம்பி, பொண்ணு கல்யாணத்துக்குள்ள இதைக் கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் குடுப்பா. அவரு ஓட்டின காடியிலதான் அவ கோயிலுக்குப் போகணும்" என்றார் அண்ணி.

ஓடினேன் கடைக்கு. அங்கே இருந்ததிலேயே மலிவான ஒன்றைத் தூக்கி வந்தேன். சாணை பிடிக்கும் கிரைண்டரைப் போல ஒரே மையத்தில் கிறுகிறுவென்று சுற்றும் ரகம். கம்பளிப் பஞ்சை மாட்டி, பானெட்டின் விளிம்பில் வைத்து அழுத்தினேன். கண் இமைக்கும் நேரம்தான்! சாயம் தீய்ந்து, அடியிலுள்ள சாம்பல் நிறப் பூச்சு 50 காசு அளவுக்குப் பல்லிளித்தது.

ஏன் அப்படி ஆயிற்று? தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரோன். இந்தக் காலக் காடிகளில் நிறத்துக்கு மேல் அடித்திருக்கும் கண்ணாடிப் பூச்சு பொதுவாக 40, 50 மைக்ரோன்தான். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அது இன்னும் மெலிந்திருக்கும். ஒரே இடத்தில் சுற்றும் மெஷின் அங்கே சூட்டைக் கிளப்பிவிடும். தேர்ந்த பட்டறைக்காரர் கையில் அது வேகமான கருவி. என்னைப் போன்றவன் கையில் கொள்ளிக்கட்டை.

வீட்டு உபயோகத்துக்கு ஏற்றது இரட்டை இயக்க மெஷின். பஞ்சு தானும் சுற்றும், மையம் விலகி ஆடியபடியும் சுற்றும். அளவுக்கு மீறி அழுத்தினால் சுற்றுவது நின்று, ஆட்டம் மட்டும் மிஞ்சும். அதனால் சாயம் தீய்வது அபூர்வம். பஞ்சு மாட்டும் தட்டின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டு வைத்தால், அது சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று பார்த்தவுடன் தெரியும்.

இத்தாலியின் ரூபெஸ், ஜெர்மனியின் பிளெக்ஸ் போன்றவை தொழில் செய்பவர்கள் வாங்கும் மெஷின்கள். ஒரே ஒரு காடி வைத்திருக்கும் நமக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் 'மெழுகு தேய்ப்பான்' என்று இரண்டு கைப்பிடியோடு விற்கும் வட்டமான மெஷினைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது மெழுகைப் பரப்பும், கீறலை எடுக்காது. துளை போடும் டிரில்லில் பஞ்சை மாட்டிச் சமாளிக்கலாம் என்பாரும் உண்டு. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும்படி அதன் பேரிங்கைச் செய்வதில்லை. விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது முதலில் ஆட்டத்தின் அளவைக் கேளுங்கள். 8 மில்லிமீட்டர் என்றால் சாகா, கஞ்சில் போன்ற சின்னக் காடிகளின் வளைவுகளில் எளிதாக நடக்கும். 15 மில்லிமீட்டர் என்றால் வேன் போன்ற அகலமான பரப்பில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மேடு பள்ளத்தில் பஞ்சு நின்று நின்று போகும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் வேண்டும். தட்டு 5 அங்குலம் போதும். அந்தத் தட்டு பிறகு தனியாகக் கிடைக்குமா, கார்பன் பிரஷ் மாற்ற முடியுமா என்று தௌகேயைக் கேட்டுவிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷினைக் கொஞ்ச விலைக்குத் தருகிறேன் என்றால் 'வோல்ட்டு எவ்வளவு?' என்று பாருங்கள். அங்கே 100 வோல்ட்டு, நம்மிடம் 230.

கையில் உள்ள பணம் முழுவதையும் மெஷினிலேயே போட்டுவிடக் கூடாது. பஞ்சு நாலைந்தாவது வேண்டும். ஒரே பஞ்சோடு முழுக் காடியையும் முடிக்கப் பார்த்தால் மருந்து அடைத்து, சூடேறிக் கிழிந்துவிடும். நான் இரண்டு பஞ்சோடு தொடங்கி, பாதியில் கடைக்கு ஓடினேன்.

இன்னொன்று. மருந்து தொட்ட வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். அண்ணன் காடியில் துணி சிவந்தது. மேலே கண்ணாடிப் பூச்சு இல்லை, தேய்வது நிறமேதான் என்று அர்த்தம். அப்படிப்பட்ட காடிக்கு மென்மையான பஞ்சு, லேசான மருந்து, குறைந்த தடவை.

இரண்டாவதாக வாங்கிய மெஷினில் மூன்று காலைப் பொழுதுகள் செலவழித்தேன். சிவப்பு திரும்பி வந்தது. தீய்ந்த இடத்தில் மட்டும் சின்னத் தூரிகையால் சாயம் தொட்டு வைத்தேன், நிறம் கொஞ்சம் ஒட்டவில்லை. கல்யாணத்தன்று மகன் காடிக்குப் பொட்டு வைக்கப் போனபோது, "அந்த ஓரத்துல வைடா" என்று அண்ணி அந்த இடத்தைக் காட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெஷின் பிடிக்குமுன் காடியை நன்றாகக் கழுவுங்கள். உப்பு மணலை உலர்ந்த துணியால் துடைப்பதால் விழும் கீறல்கள்தாம் அதிகம். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, இரண்டடிச் சதுரமாகப் பிரித்துச் செய்யுங்கள். விளிம்புகளில் பேப்பர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மெஷினைத் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மெர்சிங் காற்று அதையும் விட்டு வைக்காது.