பிரான்மலையில் மூடுபனி

மார்கழி வைகறையில் அரியக்குடியிலிருந்து நானும், ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பரும் சிங்கம்புணரியை அடுத்த பிரான்மலைக்குப் புறப்பட்டோம். பாரி வள்ளலின் பறம்புமலை இதுவே என்பர். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில்; உச்சியில் ஷேக் அப்துல்லா தர்கா.

பாதி வழியில் பனி சூழ்ந்து பாதையை மறைத்தது. உச்சியைக் கண்டே தீர வேண்டுமென நான் விரைந்தேன். திரும்பிப் பார்த்தால் நண்பரைக் காணோம். அழைத்தேன்; மறுமொழி இல்லை. நெஞ்சம் பதறக் கீழிறங்கினேன். பாறையொன்றில் மூச்சிரைக்க அமர்ந்திருந்தார்.

"சாமி, நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார்.

நான் அவரருகே அமர்ந்தேன். பனி விலகியதும் கீழே கண்மாய்கள் வெயிலில் மின்னின. பாரி மாண்டபின் அவன் மகளிருக்குத் துணைநின்ற கபிலரை நினைத்துக்கொண்டேன். இருவரும் மெல்ல இறங்கினோம்.

அன்பர்களே, அவ்வுச்சியை நான் இன்னும் கண்டதில்லை, அதற்காக வருந்தியதுமில்லை.