தம்பி என்றொரு எழுத்துரு

ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை தமிழ் எழுத்தை எங்கே காண்கிறது? ஸ்காபரோ பலசரக்குக் கடை வாசலில், கோயில் அறிவித்தலில், இலவசப் பத்திரிகையின் மரண அறிவித்தலில். கடைப் பலகையை விட்டால் பெரும்பாலும் அடக்கமாக நிற்கவேண்டிய இடங்கள்தான். ஐஸ்கிறீம் கடையிலும் சிறுவர் படங்களிலும் துள்ளித் திரிவது ஆங்கில எழுத்து.

நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் அப்படி இருக்கவில்லை. மினிபஸ்ஸிலும் சலூன் பலகையிலும் தூரிகை பிடித்த கைகள் எழுத்தைக் கொழுக்கவும் வளையவும் வைத்தன. கணினி வந்தது. புலம்பெயர்ந்த நாங்கள் கலியாண அழைப்பிதழையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே பாமினி எழுத்துருவில் அடித்தோம்.

மகள் கண்டுபிடித்த எழுத்துருவின் பெயர் 'பாலு தம்பி'. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கியது; கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. 'பாலு' என்றால் இந்தியில் கரடி. பல மொழிகளுக்கு ஒரு சகோதர முறை வைத்திருக்கிறார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி, தமிழுக்குத் தம்பி. மூலை மழுங்கிய, தடித்த எழுத்துகள். அடுத்த பதிப்பான 'பாலு தம்பி 2' 5 தடிமன்களில் வந்தது. எனக்கு அந்த மினிபஸ்தான் நினைவுக்கு வந்தது.

அப்பாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் தயாரானபோது, தனக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றாள். தலைப்பு: 'அப்பப்பாவும் நானும் கொத்துரொட்டியும்'. அதைப் பாலு தம்பியில்தான் போடவேண்டுமாம்.

முதலில் மென்பொருள் மறித்தது. 'கொ' என்று சேமிக்கும்போது ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் இருக்கும். திரையில் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நம்மவர் பதாகைகள் பலவற்றில் தமிழ் உடைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அமைப்பை மாற்றினேன், கொத்துரொட்டி சரியாக வந்தது.

பிறகு உறவுகள் மறித்தார்கள். "செத்தவீட்டுப் புத்தகத்துக்கு இது சரிவருமோ?" என்றார் பெரியம்மா. தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, நன்றி நவிலல் எல்லாம் நேராக நிற்கும் எழுத்தில் இருக்க, நடுவில் ஒரு பக்கம் மட்டும் உருண்டு திரண்டு சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. துக்கத்துக்கு ஒரு ஒழுங்கு தேவை.

ஆனால் அப்பப்பாவைப் பற்றி இவள் தானே தமிழில் எழுதிய முதல் பக்கம் அது. எழுத்தை மாற்றச் சொன்னால் மாற்றுவாள்; அதற்குப் பிறகு தமிழில் இன்னொரு பக்கம் எழுதுவாளா என்பது எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அந்த மனிசன் இவளோடை விளையாடிக்கொண்டுதானே இருந்தது," என்றார். "இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் பெரிசாய்ப் போடு."