கோல்மாரில் ஒரு செப்புத் தகடு

'கோல்மால்' இல்லை சார், கோல்மார்! பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பிரதேசத்தில் இருக்கிற ஊர். ஸ்ட்ராஸ்பூர்கில் ரயிலேறினால், வாரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டி முடிப்பதற்குள் வந்துவிடும். டூரிஸ்ட்டுகள் மரச்சட்டம் போட்ட வீடுகளையும் வாய்க்காலையும் போட்டோ எடுத்து, ஒயின் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நாம் பார்க்க வந்தது மார்ட்டின் ஷோன்கவரை. 1491-லேயே காலமாகிவிட்டதால் அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை.

அப்பா பொற்கொல்லர். பையனை 1465-ல் லைப்சிக் யூனிவர்சிட்டியில் சேர்த்துப் பார்த்தார்கள். (எல்லா ஊர் அப்பாக்களும் ஒரே ஜாதிதான்!) கடைசியில் சோறு போட்டது பட்டறை வேலை. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி, கூரான எஃகு உளியால் செப்புத் தகட்டில் கோடு இழுப்பது. வளைவு வேண்டுமென்றால் உளி திரும்பாது, தோல் மெத்தைமேல் இருக்கும் தகட்டைத்தான் திருப்ப வேண்டும். படம் இடவலமாக மாறித்தான் அச்சாகும். கை நழுவினால் போச்சு, ரப்பர் கிடையாது. ஆசிட் அரித்துக் கொடுக்கிற எச்சிங் எல்லாம் அப்புறம் வந்த சௌகரியம்.

இப்படியே 116 படங்கள். ஒன்றில், புனித அந்தோணியாரை பேய்கள் அந்தரத்தில் பிய்த்து எடுக்கின்றன. அதன் பிரதி இத்தாலிவரை போய், மைக்கேலாஞ்சலோ என்ற சின்னப் பையன் கையில் கிடைத்தது. அதைப் பார்த்து வண்ணத்தில் வரைந்தவன், பேய்க்குச் செதில் சரியாக வர மீன் மார்க்கெட்டுக்கே போய் நின்றானாம்!

மார்ட்டின் 1473-ல் தீட்டிய ரோஜாத் தோட்டத்து மேரி ஓவியம் இந்த ஊரின் பெருமை. நிஜமான கோல்மாலும் அதில்தான் நடந்தது. 1972-ல் திருடு போய், அடுத்த வருஷம் கிடைத்தது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. நியூரம்பெர்கிலிருந்து இன்னொரு பொற்கொல்லர் மகன், ஆல்பிரெக்ட் டியூரர், 1490-ல் ஊர் ஊராகக் கிளம்பினான். மார்ட்டினிடம் வேலை கற்க ஆசை. 1492-ல் கோல்மார் வந்து சேர்ந்தால்... வாத்தியார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது! சகோதரர்கள் அன்பாக வரவேற்று, பாசல் நகரில் இருந்த இன்னொரு சகோதரரிடம் அனுப்பி வைத்தார்கள்.

மார்ட்டின் கைப்பட வரைந்த சில படங்கள் பிற்பாடு டியூரரிடம் வந்தன. அவற்றின்மேல், வரைந்தது யார், எந்த வருஷம் என்று தன் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார். 'அழகு மார்ட்டின்' என்று செல்லப் பெயரோடு!